ஊமைப்படத்தில் வேடமும் பலியும்: ‘மார்த்தாண்டவர்மா’வும் தென்பாண்டிக் கதை மரபும்

1. ஆய்வின் நோக்கம்

தென்னாட்டில் உருவான ஊமைப்படங்களுள் ஏறத்தாழ முழுமையாக இன்று எஞ்சியிருப்பது ‘மார்த்தாண்டவர்மா’ ஒன்றே என்பர் திரைப்பட வரலாற்றறிஞர். 1933ஆம் ஆண்டில் வெளிவந்த அப்படம் காதலும் அரசியற் சூழ்ச்சியும் உயிர்ப்பலியும் பின்னிக் கிடக்கும் கதையை உடையது. மலையாளப் புதினம் ஒன்றிலிருந்து பிறந்தது ஆகலின், அதனை மலையாளத் திரைப்பட வரலாற்றின் ஒரு கூறாக மட்டுமே கருதுவது வழக்கமாயிற்று. ஆயின், அதனைத் தயாரித்தவர் நாகர்கோவிலைச் சார்ந்தவர். கதை நிகழும் களத்தின் ஒரு பகுதி, இன்று தமிழ்நாட்டில் அடங்கிய பத்மநாபபுரமும் அதனைச் சூழ்ந்த ஊர்களும் ஆகும். 1956 நவம்பர் முதல் நாள்வரை அந்நிலம் திருவிதாங்கூர் – கொச்சி அரசின்கீழ் இருந்தது. ஊமைப்படத்துக்கு நாவில்லை, மொழி என்பது அதன் எழுத்தட்டைகளில் மட்டுமே உண்டு. எனவே, மொழிவழி மாநில எல்லைகள் வகுக்கப்படுவதற்கு முற்பட்ட ஒரு கலைப்பொருளை அவ்வெல்லைகளைக் கொண்டு மட்டும் அளப்பது பொருந்தாது.

கோவில்பட்டியைச் சூழ்ந்த கரிசல் வட்டாரத்தில் நாட்டார் கதைப்பாடல்களைப் பயிலும் நமக்கு அப்படம் ஒரு வினாவை எழுப்புகின்றது. காதலின்பொருட்டு மாண்டோரைத் தெய்வமாக்கி, ஆண்டுதோறும் கொடை நிகழ்த்தி, வில்லில் வைத்துப் பாடுவது நம் பகுதி மக்கள் மரபு. அம்மரபில் ஊறியவர், தென்கோடியில் எழுந்த முதற் படங்களில் காதலும் தியாகமும் காட்டப்பெற்ற முறையை எவ்வாறு மதிப்பிடுவர் என்பதே அவ்வினா. இதற்கு விடை காணும் கருவியாக ‘வேடம்’ என்னும் ஒரு கூறினைத் தேர்ந்து கொள்கின்றோம். எவர் எவருடைய வேடத்தைப் பூணலாம், பூண்டபின் அதற்கு விலை கொடுத்தவர் எவர் என்னும் இரண்டையும் நோக்கின், படத்தின் உண்மை இயல்பும் கதைப்பாடலின் உண்மை இயல்பும் ஒருங்கே புலப்படும் என்பது நம் துணிபு.

2. படம் பிறந்த வரலாறு

‘மார்த்தாண்டவர்மா’ என்னும் வரலாற்றுப் புதினத்தை சி. வி. இராமன் பிள்ளை (1858–1922) இயற்றினார். அது 1891ஆம் ஆண்டு வெளிவந்தது. நாகர்கோவில் ஆர். சுந்தரராஜ் தயாரிப்பில், பி. வி. ராவ் இயக்கத்தில் அது படமாயிற்று. எழுத்தட்டைகள் ஆங்கிலத்திலும் மலையாளத்திலும் அமைந்தன. திருவனந்தபுரத்தில் அது திரைக்கு வந்தபோது, பேசும் படம் தோன்றி ஈராண்டு கடந்திருந்தது. ‘ஆலம் ஆரா’ 1931 மார்ச்சிலும், தமிழ் பேசிய ‘காளிதாஸ்’ அதே ஆண்டு அக்டோபரிலும் வெளிவந்துவிட்டன. எனவே ‘மார்த்தாண்டவர்மா’ ஊமைப்படக் காலத்தின் இறுதி விளைச்சல்களுள் ஒன்று எனலாம்.

படம் வெளிவந்த உடனே வழக்கு எழுந்தது. புதினத்தின் பதிப்புரிமை திருவனந்தபுரம் கமலாலயா புத்தக நிலையத்தாரிடம் இருந்தது. அவ்வுரிமை பெறாது கதையைப் படமாக்கியமையால் படம் தடைப்பட்டது. படச்சுருளும் பதிப்பகத்தார் வசமாயிற்று. இந்தியத் திரைப்பட வரலாற்றில் பதிப்புரிமை பற்றி எழுந்த மிக முற்பட்ட வழக்குகளுள் இஃது ஒன்று. தயாரித்தவர்க்குப் பெருநட்டம் விளைந்தது. ஆயினும், அத்தடையே படத்தைக் காத்தது. ஊர் ஊராக ஓடித் தேய்ந்து அழிந்திருக்க வேண்டிய சுருள், பதிப்பகத்தில் நாற்பது ஆண்டுகள் கிடந்து, 1974ஆம் ஆண்டு புனேயில் உள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தைச் சேர்ந்தது. 1964இல் தொடங்கப்பெற்ற அக்காப்பகத்தை வளர்த்த பி. கே. நாயரின் பெரும்பணிகளுள் ஊமைப்படங்களைத் தேடி மீட்டதும் ஒன்றாகும்.

இத்தகைய தற்செயல் எத்துணை அரியது என்பதை அறிய, படச்சுருளின் இயல்பை அறிதல் வேண்டும். அக்காலச் சுருள், பருத்தி இழையை நைட்ரிக் அமிலத்தில் பதப்படுத்திப் பெற்ற நைட்ரோ செல்லுலோசால் ஆனது. நம் கரிசல் நிலம் பருத்திக்குப் பெயர் பெற்றது. கோவில்பட்டியில் 1901ஆம் ஆண்டிலேயே வேளாண் ஆராய்ச்சி நிலையம் அமைந்தது. துணியாக நெய்யப்பெற்றால் சில ஆண்டுகள் உழைக்கும் பருத்தி, படச்சுருளாக மாறியபின் எளிதில் தீப்பற்றும். தீப்பற்றாவிடினும் நாளடைவில் தானே சிதையும். இந்தியாவில் எடுக்கப்பெற்ற ஊமைப்படங்கள் ஆயிரத்திற்கும் மேற்பட்டவை. அவற்றுள் எஞ்சியவை மிகச் சிலவே ஆதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

3. கதையில் காதலும் பலியும்

திருவிதாங்கூர் அரசர் இராமவர்மர் 1729ஆம் ஆண்டு மறைந்தார். அவர்தம் இறுதிக் காலத்தில், மருமக்கள்தாய முறைப்படி பட்டத்துக்கு உரியவர் அவருடைய மருமகனாகிய மார்த்தாண்டவர்மர். அரசரின் மக்களாகிய தம்பிமார் இருவரும், எட்டு வீட்டுப் பிள்ளைமாரும் அவருக்கு எதிராகச் சூழ்ச்சி செய்கின்றனர். இளவரசரின் உற்ற துணைவனாகிய அனந்தபத்மநாபன், பாருக்குட்டி என்னும் நங்கையைக் காதலிக்கின்றான். அவன் காட்டில் தாக்குண்டு மாண்டான் என்று ஊர் நம்புகின்றது. பட்டாணிய வணிகர் அவனை மீட்டுக் காக்கின்றனர். அவர்களுள் சுலைகா என்பாள் அவனை விரும்புகின்றாள். அவ்விருப்பம் கைகூடாது போகின்றது. அனந்தபத்மநாபனோ பித்துற்ற ஒரு சான்றார் குடியினனாக வேடம் பூண்டு நாடெங்கும் திரிந்து, இளவரசரின் உயிரைக் காத்து வருகின்றான். இறுதியில் வேடம் கலைகின்றது; காதலர் கூடுகின்றனர்; இளவரசர் முடி சூடுகின்றார்.

இம்மங்கல முடிவுக்கு உயிரை விலையாகக் கொடுப்பவள் சுபத்திரை. பொய்யான ஐயத்தால் கணவனால் கைவிடப்பட்டவள் அவள். சூழ்ச்சியாளருள் ஒருவனாகிய குடமண்பிள்ளை அவளுக்கு மாமன். அவள், தன் வீட்டார் எப்பக்கம் நின்றனரோ அப்பக்கம் நில்லாது, அறத்தின் பக்கம் நின்று, சூழ்ச்சியை வெளிப்படுத்தி இளவரசருக்கு உதவுகின்றாள். அனந்தபத்மநாபனின் தந்தையே தனக்கும் தந்தை என்னும் உண்மை அவளுக்குப் பிற்பாடு தெரிய வருகின்றது. பிரிந்த கணவனும் உயிரோடு இருக்கின்றான் எனத் தெரிகின்றது. வாழ்வு மீளும் என்று தோன்றும் அந்நிலையில், குடமண்பிள்ளை தன் கையாலேயே அவளை வெட்டி வீழ்த்துகின்றான். படமும் புதினத்தின் இப்போக்கையே தழுவிச் செல்கின்றது.

ஈண்டு ஒன்று கருதத்தக்கது. கதைத்தலைவன் தாழ்ந்தோனாகக் கருதப்பட்டவனின் வேடத்தைப் பூணுகின்றான். ஆயினும் அவன் இழப்பது ஒன்றுமில்லை. வேடத்தைக் களைந்தவுடன் குலமும் காதலியும் மனையும் மீளக் கிடைக்கின்றன. சுபத்திரை எவ்வேடமும் பூணவில்லை. தன் உருவோடு நின்று உண்மை பேசினாள், அதனால் மாண்டாள். வேடம் ஆடவனைக் காத்தது. வேடமின்மை பெண்ணைக் கொன்றது. இம்முரண் கதையில் மட்டும் நின்றிருப்பின் இலக்கியத் திறனாய்வோடு அமைந்துவிடலாம். அது திரைக்கு வெளியேயும் நிகழ்ந்தது என்பதே வரலாறு.

4. திரைக்கு வெளியே நிகழ்ந்தது

‘மார்த்தாண்டவர்மா’வுக்கு முன்னர்த் திருவிதாங்கூரில் எடுக்கப்பெற்ற படம் ‘விகதகுமாரன்’. அதனை இயக்கித் தயாரித்தவர் அகத்தீசுவரத்தைச் சேர்ந்த ஜே. சி. டானியேல், சுந்தரராஜ் அவருக்கு உறவினர். அப்படம் வெளிவந்த ஆண்டு 1928 என்பாரும் 1930 என்பாரும் உளர். திருவனந்தபுரம் காபிட்டல் கொட்டகையில் அது திரையிடப்பெற்றது. அதில் நாயர் குலப் பெண்ணாக நடித்தவர் பி. கே. ரோசி. அவர் ஒடுக்கப்பட்ட குலத்தில் பிறந்தவர். நாடகத்தில் நடித்துப் பழகியவர். அவர்தம் நடிப்பு நன்றோ தீதோ என்று எவரும் ஆராயவில்லை. தாழ்த்தப்பட்ட குலத்துப் பெண் உயர்குலப் பெண்ணாகத் திரையில் தோன்றினாள் என்பதே குற்றமாயிற்று. பார்வையாளர் சினந்து திரையின்மீது கல்லெறிந்தனர். ரோசியும் தாக்குதலுக்கு இலக்காகி ஊரை விட்டு ஓட நேர்ந்தது. அவர் தமிழகத்துக்கு வந்து, தம் பழைய பெயரும் கலையும் வெளிப்படாது வாழ்ந்து மறைந்தார். அவர் நடித்த படமும் அழிந்தது. பொருள் இழந்த டானியேல், பின்னர்ப் பல் மருத்துவராகத் தமிழகத்து ஊர்களில் தொழில் செய்து, 1975இல் மறைந்தார்.

இரு படங்களையும் அருகருகே வைத்துக் காண்க. ஒரு படத்தில் உயர்குலத்தான் தாழ்குலத்தான் வேடத்தைப் பூணுகின்றான். அவனைப் பார்வையாளர் வீரன் எனக் கொண்டாடுதற்குக் கதை இடம் அளிக்கின்றது. மற்றொரு படத்தில் தாழ்குலத்தாள் உயர்குலத்தாள் வேடத்தைப் பூணுகின்றாள். அவளுக்குக் கல்லடி கிடைக்கின்றது. மேலிருந்து கீழ்நோக்கிப் பூணும் வேடம் கலை. கீழிருந்து மேல்நோக்கிப் பூணும் வேடம் குற்றம். எழுதப்படாத இச்சட்டமே அன்றைய கொட்டகையை ஆண்டது.

எழுதப்படாத சட்டம் என்றோம். அதற்கு எழுதப்பட்ட மூலமும் அந்நாட்டில் இருந்தது. தென் திருவிதாங்கூரில் சான்றார் குலப் பெண்டிர் மேலாடை அணிதற்கு நிகழ்த்திய போராட்டம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதி முழுதும் நீண்டது. இறுதியில் 1859ஆம் ஆண்டு சூலைத் திங்களில் அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. அப்பெண்டிர் மார்பை மறைத்துக் கொள்ளலாம் என்றது அவ்வாணை. ஆயின் உயர்குலப் பெண்டிர் அணியும் முறையில் அணிதல் கூடாது என்று வரம்பும் கட்டிற்று. உடுப்பதற்கு இசைவு தந்த ஆணையே ஒத்து உடுப்பதற்குத் தடையும் விதித்தது. டானியேல் பிறந்த சமூகமும் அச்சமூகமே. ஆணை பிறந்து எழுபது ஆண்டுகள் கழிந்தபின், ரோசி திரையில் உடுத்திய ஆடை பழைய வரம்பை மீறியதாகக் கூட்டத்தின் கண்ணுக்குப் பட்டது என்க.

மலைக்கு இப்பால் உள்ள நம் கரிசல் நாடு இதனினும் மேம்பட்டு இருந்தது என்று நாம் தருக்குதற்கு இடமில்லை. ஆங்கே ஆடை பற்றி எழுந்த பூசல், ஈங்கே தெருப் பற்றியும் கோயில் பற்றியும் எழுந்தது. 1895இல் கழுகுமலையிலும் 1899இல் சிவகாசியிலும் நிகழ்ந்த கலகங்கள் அதற்குச் சான்றாகும். தேரோடும் தெருவில் ஒரு சமூகத்தார் ஊர்வலம் செல்லுதல் தகுமா என்னும் வினாவும், திரையில் ஒரு பெண் ஒரு குலத்து ஆடையில் தோன்றுதல் தகுமா என்னும் வினாவும் ஒரே வேரில் கிளைத்தவை.

இந்நிலை நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் 1922ஆம் ஆண்டு வெளிவந்த ‘கடலின் வரி’ எனப் பொருள்படும் பெயருடைய ஊமைப்படத்தில், வெள்ளையனைக் காதலித்துக் கைவிடப்பட்டு, பெற்ற மகனையும் விட்டுக்கொடுத்து, கடலில் உயிர் துறக்கும் சீனப் பெண்ணாக அன்னா மே வாங் நடித்தார். மாண்டு போகும் சீனப் பெண்ணாகத் தோன்ற அவருக்கு இடம் கிடைத்தது. ஆயின் 1937இல் வெளிவந்த ‘நல்ல நிலம்’ என்னும் படத்தில், வாழ்ந்து குடும்பம் காக்கும் சீனத் தலைவியின் வேடம் அவருக்குத் தரப்படவில்லை. வெள்ளையராகிய லூயி ரெய்னர் அவ்வேடம் பூண்டு உயரிய பரிசும் பெற்றார். தியாகம் செய்து மடிவதற்கு ஒருத்தியும், வாழ்வதற்கு மற்றொருத்தியும் எனப் பகுத்த அப்பகுப்பு, நாம் கூறிய சட்டத்தின் மற்றொரு வடிவமே ஆகும்.

5. முத்துப்பட்டனும் செருப்புக் காணிக்கையும்

இனி, நம் வட்டாரக் கதைப்பாடலை நோக்குவோம். ஆடி அமாவாசையன்று கரிசல் ஊர்களிலிருந்தும் தாமிரபரணிக் கரை ஊர்களிலிருந்தும் மக்கள் திரள் திரளாகப் பாபநாச மலைமேல் உள்ள சொரிமுத்தையனார் கோயிலுக்குச் செல்வர். அங்கே பட்டவராயன் என்னும் தெய்வத்துக்குத் தோற்செருப்பைக் காணிக்கையாக இடுவது வழக்கம். அவ்வாறு இட்ட செருப்பு நாளடைவில் தேய்ந்து காணப்படும் என்றும், பட்டவராயன் இரவில் அதனை அணிந்து காட்டில் உலவுதலே அதற்குக் காரணம் என்றும் மக்கள் நம்புவர். செருப்பைக் கழற்றிவிட்டுக் கோயிலுக்குள் நுழைவது எங்கும் உள்ள முறை. செருப்பையே காணிக்கையாக ஏற்கும் தெய்வம் எவ்வாறு தோன்றியது? அதனை விளக்குவது முத்துப்பட்டன் கதை.

முத்துப்பட்டன் அந்தணன், உடன்பிறந்தாரோடு பிணங்கிக் கொட்டாரக்கரை அரசனிடம் பணி புரிந்தவன். ஊர் திரும்பும் வழியில், காட்டில் பாடிச் சென்ற பொம்மக்கா, திம்மக்கா என்னும் இரு மங்கையரின் குரல் கேட்டுக் காதல் கொள்கின்றான். அவர்கள் தோல்தொழில் புரியும் அருந்ததியர் குடியினனாகிய வாலப்பகடையின் மக்கள். மணம் வேண்டி நின்றவனிடம் வாலப்பகடை ஒரு நிபந்தனை கூறுகின்றான். குடுமியையும் பூணூலையும் களைய வேண்டும். தோலை உரித்துப் பதனிட்டுச் செருப்புத் தைத்துக் கொணர வேண்டும். தமையன்மார் தடுத்தும் கேளாது, பட்டன் அந்நிபந்தனையை நிறைவேற்றி இருவரையும் மணக்கின்றான். மணமான சின்னாட்களிலேயே மாமனின் ஆநிரையைக் கவர வந்தோரோடு பொருது, வென்று, பின் மறைந்திருந்த ஒருவனால் குத்துண்டு மடிகின்றான். மங்கையர் இருவரும் சிங்கம்பட்டி அரசனிடம் இசைவு பெற்று அவனது ஈமத் தீயில் புகுகின்றனர்.

நிறைவேறாத காதல், தியாகம் என்னும் இரு கூறுகளும் முழுமையாக அமைந்த கதை இது. அனந்தபத்மநாபனுக்கும் முத்துப்பட்டனுக்கும் உள்ள வேறுபாடு ஈண்டு தெளிவாகும். முன்னவன் பூண்டது வேடம், களையத்தக்கது. பின்னவன் ஏற்றது தொழில், மீளாதது. தான் காதலித்த குடியின் உழைப்பைத் தன் கையால் செய்து காட்டிய பின்னரே அவன் மருமகனாக ஏற்கப்பெற்றான். சோதிக்கும் உரிமை மங்கையரின் தந்தைக்கே இருந்தது. அத்தொழிலின் அடையாளமாகிய செருப்பே அவனது தெய்வத்தன்மைக்கும் அடையாளமாக நின்றுவிட்டது. ஊமைப்படம் கூறத் துணியாத ஒன்றை வில்லுப்பாட்டு உரக்கக் கூறியது என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

ஆயினும் கதைப்பாடலும் தப்பவில்லை. இம்மங்கையர் உண்மையில் அந்தணர்க்குப் பிறந்து, காட்டில் விடப்பட்டு, வாலப்பகடையால் வளர்க்கப்பெற்றோர் என்று ஒரு பிறப்புக் கதை சில வடிவங்களில் காணப்படுகின்றது. இக்கதைப்பாடலை 1971ஆம் ஆண்டு மதுரைப் பல்கலைக்கழக வெளியீடாகப் பதிப்பித்த பேராசிரியர் நா. வானமாமலை, அப்பகுதி சாதிக் கலப்பின் கூர்மையை மழுக்குவதற்காகப் பிற்காலத்தார் புகுத்தியது என்று கருதினார். அவர் கருத்து ஏற்கத்தக்கது. மங்கையர் அந்தணப் பிறப்பினர் ஆயின், பட்டன் குடுமி களைந்ததும் செருப்புத் தைத்ததும் பொருளற்றுப் போம். இடைச்செருகல் கதையின் உயிரைக் கொய்துவிடுகின்றது. ‘சான்றார் குலப் பித்தன் உண்மையில் உயர்குலத் தலைவன்’ என்னும் புதின உத்தியும், ‘பகடை மக்கள் உண்மையில் அந்தண மக்கள்’ என்னும் இடைச்செருகலும் ஒரே நோக்கம் உடையவை. இரண்டும், வரம்பு மீறப்பட்டதுபோல் காட்டி, முடிவில் மீறப்படவே இல்லை என்று கேட்போர்க்கு ஆறுதல் கூறுகின்றன.

6. வென்றோர் கதையும் தோற்றோர் கதையும்

‘மார்த்தாண்டவர்மா’ படத்தின் பொருளுக்கே நேர் எதிரான கதைப்பாடல் ஒன்றும் குமரி நாட்டில் உண்டு. ‘தம்பிமார் கதை’ என்பது அதன் பெயர். புதினத்திலும் படத்திலும் தீயோராக வரும் தம்பிமார் இருவரும் அவ்வில்லுப்பாட்டில் வஞ்சிக்கப்பட்டு மாண்ட வீரராக வருகின்றனர். அவர்தம் தங்கையை மார்த்தாண்டவர்மர் மணக்க விரும்பினார் என்றும், பட்டத்துரிமை பற்றி எழுந்த நிபந்தனையால் அம்மணம் தடைப்பட்டது என்றும், பகை அதிலிருந்து மூண்டது என்றும் அக்கதை கூறும். முடிவில் அத்தங்கையும் உயிர் துறக்கின்றாள். ஒரே வரலாற்று நிகழ்ச்சியில், வென்றோர் பக்கத்துப் பலியாகச் சுபத்திரையைப் புதினம் படைத்தது. தோற்றோர் பக்கத்துப் பலியாகத் தங்கையை வில்லுப்பாட்டு பாடியது. அரசன் எப்பக்கம் இருப்பினும் பலி பெண்ணே என்பது இரண்டுக்கும் பொது.

நம் கரிசல் நாட்டுக் குடிவரவுக் கதைகளிலும் இக்கூறு காணக் கிடக்கின்றது. வடக்கே ஓர் அரசன் தங்கள் குலப் பெண்ணைக் கேட்டான் என்றும், கொடுக்க மனமின்றி இரவோடிரவாகப் புறப்பட்டனர் என்றும், பெருகிய ஆற்றின் இரு கரையிலும் நின்ற புங்க மரங்கள் வளைந்து பாலமாயின என்றும், தெலுங்கு பேசும் கம்பளத்தார் தம் முன்னோர் வரவைக் கூறுவர். கோவில்பட்டிக்கு அருகில் உள்ள இடைசெவலில் பிறந்த கி. ராஜநாராயணன் 1976இல் வெளியிட்ட ‘கோபல்ல கிராமம்’ இத்தகைய குடிவரவு நினைவிலிருந்து எழுந்த புதினமே ஆகும். இங்குப் பெண் பலியாகவில்லை. அவளைக் காக்கக் குலம் முழுதும் நிலத்தைத் துறந்தது. தியாகம் செய்யக் கடமைப்பட்டது பெண்ணன்று, அவளைச் சூழ்ந்த சமுதாயமே என்னும் மாற்று விடையையும் நம் மரபு அறியும் என்பதற்கு இஃது ஒரு சான்று.

7. ஊமைப்படமும் சொல்லும் வாயும்

ஊமைப்படம் என்னும் பெயர் ஒருவகையில் பொருந்தாப் பெயர். திருச்சிராப்பள்ளியில் இரயில்வேப் பணியில் இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905ஆம் ஆண்டு பிரெஞ்சுக்காரர் ஒருவரிடமிருந்து படக்கருவியை வாங்கி ஊர் ஊராகக் கொண்டு சென்ற நாள்தொட்டு, தென்னாட்டில் படக்காட்சி பெரிதும் கூடாரத்திலேயே வளர்ந்தது. மதுரையிலிருந்து கோவில்பட்டி வழியாகத் தூத்துக்குடிக்கு 1876இலேயே இருப்புப்பாதை அமைந்துவிட்டது. இத்தகைய இருப்புப்பாதைகளே நாடகக் குழுவினர்க்கும் படக்காட்சியினர்க்கும் வழித்தடங்கள் ஆயின. எழுத்தட்டைகளைப் படிக்க இயலாத மக்களே பெரும்பாலோர் ஆதலின், திரைக்கு அருகில் ஒருவர் நின்று கதையை உரத்த குரலில் விளக்கிச் செல்லும் வழக்கம் இருந்தது. படம் ஊமை, கொட்டகை ஊமையன்று.

அவ்விளக்குவோர் தொழிலும் வில்லுப்பாட்டுப் புலவர் தொழிலும் ஒருவகையில் உறவுடையவை. இருவரும் கேட்போர் முகம் நோக்கிச் சொல்பவர். துயரம் மிகும் இடத்தில் நீட்டுவதும், இடர்ப்பாடான இடத்தில் சுருக்குவதும் அவர்தம் உரிமை. எனினும் ஒரு வேறுபாடு உண்டு. வில்லுப்பாட்டில் கதை முடிந்தபின் தெய்வம் நிற்கின்றது. அடுத்த ஆண்டுக் கொடையில் மீண்டும் அதே கதை பாடப்பெற வேண்டும். சாத்தூர்ப் பிச்சைக்குட்டி போன்ற வல்லோர் புதிய பொருள்களையும் வில்லிசையில் பாடினர். ஆயினும், கோயிற் கொடையில் பாடும் கதையைக் கைவிடுதற்கு எவர்க்கும் உரிமையில்லை. பாடாது விடின் தெய்வம் சினக்கும் என்னும் அச்சமே அக்கதைக்குக் காவல். திரைக்கதைக்கு அத்தகைய காவல் இல்லை. கூடாரம் பெயர்ந்தவுடன் விளக்குவோர் கூறிய சொல் காற்றோடு போயிற்று, சுருளும் சிதைந்தது. முத்துப்பட்டனின் செருப்பு ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுகின்றது. ரோசியின் முகத்தைக் காட்டிய சுருளில் ஓரடி நீளமேனும் எஞ்சவில்லை.

8. முடிவுரை

மேற்கூறியவற்றால் பெறப்படுவன யாவை? தென்கோடியில் எழுந்த ஊமைப்படங்கள், காதலையும் தியாகத்தையும் காட்டியபோதும், வேடத்தின் எல்லையைக் கடக்கவில்லை. கடக்க முற்பட்ட நடிகையைச் சமுதாயம் துரத்தியது. கதைப்பாடலோ அவ்வெல்லையைக் கடந்தது. ஆயின் கடந்தோரைக் கொன்றபின்னரே தெய்வமாக்கியது. எனவே இரண்டனுள் ஒன்றை முற்போக்கு என்றும் மற்றொன்றைப் பிற்போக்கு என்றும் எளிதில் பகுத்தல் இயலாது. தெய்வமாக்குதல் என்பது கொன்ற சமுதாயம் பிற்பாடு செலுத்தும் கடன். அக்கடனையாவது நாட்டார் மரபு ஒழுங்காகச் செலுத்தி வருகின்றது. எழுத்து மரபும் திரை மரபும் அதனையும் நெடுங்காலம் செலுத்தவில்லை. கேரள அரசு 1992இல் டானியேல் பெயரால் விருது நிறுவியது; 2013இல் ‘செல்லுலாய்டு’ என்னும் படம் டானியேல், ரோசி ஆகியோரின் வரலாற்றை மக்கள் முன் வைத்தது. இவை காலந்தாழ்ந்த கொடைகள் எனலாம்.

‘தியாகம்’ என்னும் சொல்லையும் நாம் எச்சரிக்கையோடு ஆளுதல் வேண்டும். தானே விரும்பிக் கொடுத்ததைத் தியாகம் என்க. சுபத்திரை கொல்லப்பட்டாள், ரோசி துரத்தப்பட்டார், பொம்மக்காவும் திம்மக்காவும் கைம்மை வாழ்வுக்கு இடந்தராத உலகில் தீப்புகுந்தனர். இவற்றையெல்லாம் ஒரே சொல்லால் போற்றும்போது, விலை கேட்டவர் எவர் என்பது மறைந்து போகின்றது. இலக்கிய மாணவன் கதையில் அழகைக் காண்பதோடு அமையாது, அவ்விலை கேட்டவரையும் சுட்டிக்காட்டக் கடமைப்பட்டவன்.

இறுதியாக, நம் துறையினர்க்கு ஒரு பணி காத்திருக்கின்றது. கரிசல் ஊர்களில் கொடையின்போது பாடப்பெறும் கதைகளின் ஏடுகளும் கையெழுத்துப் படிகளும் இன்னும் பல இல்லங்களில் உள்ளன. கூடாரக் கொட்டகைக் காலத்தில் தந்தையரும் பாட்டியரும் கண்டு வந்து கூறியவற்றைக் கேட்டு வளர்ந்த முதியோரும் சிலர் உளர். ஒரு கதையின் வெவ்வேறு வடிவங்களை ஊர்தோறும் தொகுத்து, எவ்வடிவில் எது சேர்க்கப்பட்டது, எது நீக்கப்பட்டது என்று அட்டவணைப்படுத்தினால், முத்துப்பட்டன் கதையில் நா. வானமாமலை கண்டது போன்ற உண்மைகள் இன்னும் பல வெளிப்படும். திரைச்சுருளைக் காத்தது ஒரு தடையாணையால் நேர்ந்த தற்செயல். கதைப்பாடல்களைக் காத்தற்கு அத்தகைய தற்செயலை எதிர்நோக்கி இருத்தல் தகாது; அடுத்த ஆடித் திங்கள் வருமுன் ஏடும் எழுதுகோலுமாய் ஊர்களுக்குச் செல்லுதலே நாம் செய்யத் தக்கது.